ஓரியாவுக்கு அடுத்தவள்

மருமகளை ஏற்றிவரும் படகு இன்னும் கால்வாய் முனையைத் திரும்பவில்லை. பால்பினா காலையிலிருந்து அரண்மனைப் படித்துறையில் நின்றுகொண்டிருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன, புதுச் செருப்பு வேறு கடித்தது. பின்னால் பிஷப்பும் மந்திரிகளும் குழல் ஊதுகிறவர்களும் வெயிலில் வதங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மகன் தடேயோ. வால்மோராவின் பிரபு, இருபத்திரண்டு வயது, கையில் உட்கார்ந்திருந்த வல்லூறோடு கொஞ்சிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பறவைய யார்கிட்டயாவது குடுடா. கல்யாணப் பொண்ணு வர்ற நேரம்."

"வரட்டும்மா. இது புதுசு. கைப்பழக்கம் விட்டுப்போச்சுன்னா அவ்வளவுதான்."

பால்பினா கால் மாற்றி நின்றாள். மகனோடு பேசி ஜெயிக்கிற வேலையை அவள் விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே படித்துறையில்தான் அவளும் வந்து இறங்கினாள். வடக்கே கரிந்தியா மலைநாட்டுப் பெண். அப்போது அவள் பெயர் வால்புர்கா. அந்தப் பெயர் இந்த ஊர் நாக்கில் ஏறவில்லை என்று முதல் வாரமே பால்பினா ஆக்கிவிட்டார்கள். சுற்றிலும் சதுப்பும் நாணலும், எங்கே பார்த்தாலும் தவளைச் சத்தம், போ என்னும் ஆறு கடலில் கலக்கிற இடத்துச் சேற்று நாற்றம். பெற்ற பிள்ளைகளில் தடேயோ ஒருவன்தான் தங்கினான். மற்றவர்களை இந்த ஊர்க் கோடை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டது. புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்சம் இருந்தது விசேஷங்களில் முன்னால் நிற்கிற வேலை ஒன்றுதான்.

படகு வந்தது. நவார் ராஜாவின் மூத்த மகள் ஓரியா, பதினைந்து வயது, கடல்வழியெல்லாம் வாந்தி எடுத்து முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தாள். இறக்கிவிட நீட்டிய கைகளையெல்லாம் பார்த்துவிட்டு, பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரே தாவலில் படியில் குதித்தாள். வல்லூறு மிரண்டு சிறகடித்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் முதலில் பறவையைப் பார்த்தாள், பிறகுதான் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாமியாரின் கையை முத்தமிட்டு, மனப்பாடம் செய்துவந்த லத்தீன் வாக்கியம் ஒன்றைத் தப்பில்லாமல் ஒப்பித்தாள். பதிலுக்குச் சொல்லவேண்டிய வாக்கியம் பால்பினாவுக்கு மறந்துபோனது. வாயில் கவளம் வைப்பதுபோல் கையைக் காட்டி, சாப்பிட்டாயா என்று கேட்டாள். அந்தப் பெண் வேகமாகத் தலையை ஆட்டி இல்லை என்றாள்.

கல்யாணம் முறைப்படி நடந்தது. ஒரு மாதம் போனதும், இதுவும் முறைப்படிதான், பெண்ணோடு வந்த நவார்க்காரப் பெண்கள் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடவேண்டும் என்று மந்திரிகள் சொன்னார்கள். அந்நிய மனிதர்கள் அரண்மனையில் இருந்தால் சேதி வெளியே போகும் என்பது அவர்கள் பயம். மருமகளிடம் அதைச் சொல்கிற பொறுப்பைத் தடேயோ அம்மா தலையில் கட்டினான்.

அரைகுறை லத்தீனிலும் கை ஜாடையிலுமாகப் பால்பினா விஷயத்தைச் சொல்லி முடித்தாள். அழுகையை எதிர்பார்த்துக் கைக்குட்டைகூட எடுத்துவைத்திருந்தாள். ஓரியா அழவில்லை.

"உங்களுக்கும் இப்படித்தான் பண்ணாங்களா அத்தை?"

"ஆமா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. பழகிடுச்சு."

பழகியிருக்கவில்லை. ஆனால் அதையெல்லாம் விளக்குவதற்கு லத்தீன் போதாது, தெம்பும் போதாது.

தனியாகிப்போன பெண்ணுக்குத் துணையாகப் பால்பினா தன் பணிப்பெண் ஜெம்மாவை அனுப்பினாள். ஜெம்மா விலாங்கு மீன் பிடிக்கிறவர்கள் குடும்பம். நாற்பது வயதுக்காரி, வாய் நீளம். அவளிடமிருந்துதான் ஓரியா இந்த ஊர் மொழியைக் கற்றுக்கொண்டாள். அதனால் அவள் பேசியது அரண்மனைப் பேச்சாக இல்லை, மீன்துறைப் பேச்சாக இருந்தது. ஈஸ்டர் விருந்துக்கு வந்த பிஷப்பைப் பார்த்து, நிறைந்த சபையில், "அட, நின்னுக்கிட்டே இருக்கீங்களே சாமி. இப்படிக் குந்துங்க" என்றாள். மந்திரிகள் தரையைப் பார்த்தார்கள். பிஷப் குந்தினார். பால்பினா இருமுவதுபோல் துணியால் வாயை மூடிக்கொண்டாள். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

பெண்ணிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. மத்தியான நேரத்தில், ஊரே தூங்கும்போது, தோல் பந்து ஒன்றை உள்முற்றத்துச் சுவரில் வெறுங்கையால் அடித்து அடித்து விளையாடுவாள். அவர்கள் நாட்டில் ஆண், பெண், பாதிரி எல்லாரும் ஆடுவார்களாம். சமையற்கட்டு ஆட்கள் எதிராளியாக நிற்பார்கள். தொம், தொம் என்று அந்தச் சத்தம் பால்பினாவின் படுக்கைக்குப் பின்னால் கேட்கும்.

"ராஜா மகளா நீ, இல்ல ஆட்டுக்காரன் மகளா?" என்று ஒருநாள் எழுந்துபோய்க் கேட்டாள்.

"எங்க ஊர்ல ரெண்டும் ஒண்ணுதான் அத்தை. இடையன் வரலன்னா அப்பாவே ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போவாரு." வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நீங்களும் ஒரு கை பாருங்களேன்."

"என் காலப் பார்த்துட்டுப் பேசு."

தடேயோ அவளிடம் கொடுமையாக நடந்துகொள்ளவில்லை. விசேஷ நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்தான், பிறந்தநாளுக்கு முத்துமாலை வாங்கிக்கொடுத்தான். மற்ற நாட்களில் அவளை நினைத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. நாணற்காட்டில் நாரை வேட்டைக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டான். பால்பினாவுக்கு அது புதிதில்லை. அவன் அப்பனும் அப்படித்தான்.

முதல் கோடையில், வழக்கம்போல, வெயில் ஏறுவதற்கு முன்பே எல்லாரும் மலையடிவாரத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். கோடையில் வால்மோராவில் தங்கினால் முறைக்காய்ச்சல் வரும். பிறந்து வளர்ந்தவர்கள் தாங்குவார்கள், வெளியூர் உடம்பு தாங்காது. மலைவீட்டில் ஓரியா ஆட்டுக்குட்டிபோல் சுற்றினாள். சாயங்காலங்களில் பால்பினாவின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கேட்காமலே பிடித்துவிட்டபடி, தன் தங்கையைப் பற்றிப் பேசுவாள். கிராசியானா என்று பெயர், அவளைவிட மூன்று வயது இளையவள். கோடையிலும் போர்வை கேட்பாளாம். தவளையைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நின்றுகொள்வாளாம்.

"அப்ப இந்த ஊருக்கு அவ வேண்டாம்" என்றாள் பால்பினா.

"வந்தா கட்டில விட்டே இறங்கமாட்டா அத்தை."

இரண்டாவது கோடையில் ஓரியா கர்ப்பமாக இருந்தாள். ஐந்து மாதம். அந்த வருஷம் பக்கத்து நாட்டுப் பிரபுக்களையெல்லாம் அழைத்துப் பெரிய விருந்து வைக்கத் தடேயோ முடிவு செய்திருந்தான். நவார் ராஜா தன் மாமனார் என்பதையும், வாரிசு வரப்போகிறது என்பதையும் அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போகவேண்டும். விருந்தாளிகள் வருவதோ ஜூன் மாதக் கடைசியில்.

"அவள அனுப்பிடுடா" என்றாள் பால்பினா. "காத்து இப்பவே நாறுது."

"ரெண்டு வாரம்தான்மா. அவங்க பார்த்துட்டுப் போனதும் நானே கொண்டுவந்து விடறேன்."

"உன் தம்பி தங்கச்சியெல்லாம் எந்த மாசம் போனாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"அம்மா, சும்மா அதையே பேசாதீங்க. நீங்க இருந்தீங்கல்ல? உங்களுக்கு என்ன ஆச்சு?"

அவள் இன்னும் சண்டை போட்டிருக்கலாம். சாப்பிடாமல் படுத்திருக்கலாம், பிஷப்பைக் கூப்பிட்டிருக்கலாம், மருமகளோடு அங்கேயே தங்கியாவது இருந்திருக்கலாம். அதற்கெல்லாம் உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கவேண்டும். வெயில் கொளுத்தியது, கால் இரண்டும் தூணாக வீங்கிவிட்டன. மூன்றாவது நாள் பால்பினா பல்லக்கில் ஏறி மலைவீட்டுக்குப் போனாள். வழியனுப்ப வந்த ஓரியா, "சீக்கிரம் வந்துடறேன் அத்தை. எனக்கும் சேர்த்து ஜன்னலத் திறந்து வைங்க" என்றாள்.

இரண்டு வாரம் நான்கு வாரம் ஆனது. விருந்தாளிகளுக்கு வேட்டை பிடித்துப்போய், ஊர் திரும்ப மனமில்லை. ஆகஸ்ட் முதலில் ஜெம்மா ஆள் அனுப்பினாள்: சின்னம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டிருக்கிறது.

பால்பினா இறங்கி வந்து சேர்ந்தபோது குழந்தை கலைந்து போயிருந்தது. காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. வரும் நாளில் பல் கிட்டும் அளவு நடுக்கம், பிறகு அனல், பிறகு படுக்கையே நனையும் வியர்வை. வராத நாளில் பெண் தெளிவாக உட்கார்ந்து தினைக்கஞ்சி குடித்தாள். வைத்தியர் ரத்தம் எடுத்தார். எடுக்க எடுக்க அவள் மஞ்சளாகிக்கொண்டே போனாள். தடேயோ தினமும் காலையில் வந்து கட்டில் காலடியில் நின்றான். என்ன பேசுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. வல்லூறு பழைய இறகை உதிர்த்துப் புது இறகு விடுகிறது என்று ஒருநாள் சொன்னான். அவளும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

செப்டம்பரில் ஒருநாள், காய்ச்சல் இல்லாத மத்தியானம், ஓரியா தன் துணிப் பெட்டிகளைக் கட்டிலருகே கொண்டுவரச் சொன்னாள். ஜெம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, இது அந்தப் பக்கம், இது இந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தாள். பால்பினா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

"அந்தக் கம்பளி அங்கியப் பூச்சி அரிக்காம வைங்க. அது கிராசியானாவுக்கு. அவளுக்குக் குளிரும்" என்றாள் ஓரியா.

பால்பினா கண்ணைத் திறந்தாள். "அவ எங்க வரப்போறா?"

"இங்கதான். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அவளக் குடுக்கணும்னு கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் பேசி வச்சிருக்காங்க அத்தை. உங்களுக்குத் தெரியாதா?" ஆச்சரியப்படுகிற குரலாகக்கூட இல்லை. "அவளுக்கு இப்ப பதினாலு. வந்த புதுசுல பேசமாட்டா. திமிருன்னு நெனச்சுக்காதீங்க. ஜெம்மா, அவளுக்கும் நீயே பேசக் கத்துக்குடு. பிஷப்கிட்ட மட்டும் எப்படிப் பேசணும்னு அத்தைகிட்டக் கேட்டுக்கச் சொல்லு."

ஜெம்மா வெளியே போய்விட்டாள். பால்பினா எழுந்து பெட்டியை மூடினாள்.

"நீ மொதல்ல எழுந்து உக்காரு. அப்புறம் பேசலாம் அதெல்லாம்."

"குந்துன்னு சொல்லுங்க அத்தை" என்றாள் அந்தப் பெண். அது அவள் செய்த கடைசிக் கேலி. அடுத்த முறைக் காய்ச்சல் வந்தபோது நடுக்கத்தோடு நினைவு தப்பியது, திரும்பவில்லை. பதினேழு வயது முடிந்திருந்தது.

ஆற்றோரக் கோயிலில் அடக்கம் நடந்தது. பால்பினா முன்னால் நின்றாள்.

கிறிஸ்துமஸ் கழிந்து நவாரிலிருந்து தூதுவர் வந்தார். தோன் பெல்த்ரான் என்று பெயர், நரைத்த தாடி, வழியெல்லாம் பனியில் நனைந்து வந்த மனிதர். துக்கம் விசாரித்தார். மறுநாள் விருந்தில் இளைய பெண்ணைப் பற்றிப் பேச்சை எடுப்பார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அன்று காலை பால்பினா மகனின் அறைக்குப் போனாள்.

"வேற எடம் பாருடா. இந்த ஊர் காத்து ஒத்துக்கற பொண்ணா, பக்கத்துலயே."

"ராஜ சம்பந்தம்மா. இத விட்டா நம்ம எல்லைய நாலு பக்கமும் கடிச்சுத் தின்னுடுவாங்க." அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு மட்டும் ஆசையா? நேத்து அவ முகத்த நெனச்சுப் பார்த்தேன். சரியா வரமாட்டேங்குது. ரெண்டு வருஷம் கூட இருந்தவ."

"அப்ப வேண்டாம்னு சொல்லு."

"சொல்ல முடியாதும்மா. வர்றவள மலைக்கு அனுப்பிடலாம். இந்தத் தடவ கண்டிப்பா."

அவன் பொய் சொல்லவில்லை என்று பால்பினாவுக்குத் தெரியும். அடுத்த கோடை வரைக்கும் அவன் அதை நினைவில் வைத்திருக்கமாட்டான் என்பதும் தெரியும். அந்த நேரத்தில் தனக்கும் போராடத் தெம்பிருக்காது. தன்னைப் பற்றி அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. செய்வதென்றால் இன்றைக்கே செய்யவேண்டும், ஒரே தடவையில் முடிகிற மாதிரி செய்யவேண்டும்.

விருந்தில் விலாங்கும் வாத்தும் வந்துபோயின. தோன் பெல்த்ரான் எழுந்து, தம் ராஜா இந்த வீட்டின்மேல் வைத்திருக்கும் அன்பு குறையவில்லை என்றும், இளைய மகளையும் இதே வீட்டுக்குத் தர விரும்புகிறார் என்றும் சொன்னார். முறைப்படி வீட்டின் பெரியவள்தான் முதலில் பதில் சொல்லவேண்டும். எல்லாரும் பால்பினாவைப் பார்த்தார்கள்.

அவள் உட்கார்ந்தபடியே பேசினாள். "எதுக்கு? மொதல்ல குடுத்த சரக்கு போதாதா?"

தூதுவர் சரியாகக் காதில் விழாதவர்போல் நின்றார்.

"வரும்போதே நோயோட வந்தா உங்க பொண்ணு. படகுலேர்ந்து எறங்கும்போதே பொணம் மாதிரிதான் இருந்தா. தெரிஞ்சேதான் எங்க தலையில கட்டினீங்க. ஒரு புள்ளையத் தாங்கத் துப்பில்ல. சபையில எப்படிப் பேசணும்னு வளர்ப்பும் இல்ல. மீன்காரி கணக்கா வாய். ஆட்டுக்கொட்டாய்ல வளர்ந்ததுகளக் கொண்டுவந்து ராஜா வீட்டுப் பொண்ணுன்னா நாங்க நம்பணுமா?"

"அம்மா" என்றான் தடேயோ.

"நீ சும்மா இரு. போய் உங்க ராஜாகிட்டச் சொல்லுங்க தோன் பெல்த்ரான். செத்தவளுக்கே நாங்க இன்னும் தல முழுகல. அதே மந்தையிலேர்ந்து இன்னொண்ணு இந்த வாசல் ஏறக்கூடாது. ஏறினா நான் படித்துறையில நின்னு காறித் துப்புவேன்."

சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. கூடத்தின் ஓரத்தில் தண்ணீர்க் கூஜாவோடு நின்ற ஜெம்மாவின் முகம் கண்ணில் பட்டது. அந்த முகத்தை அவள் மறுபடி பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டாள்.

தோன் பெல்த்ரான் சட்டென்று போய்விடவில்லை. கிழவர், "அந்தக் குழந்தைய நான்தான் தூக்கி வளர்த்தேன், அம்மணி" என்று மட்டும் சொன்னார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தார். தடேயோ வாசல்வரை பின்னால் ஓடினான். அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றான், மன்னிப்புக் கேட்டான். எதுவும் பலிக்கவில்லை. வசந்தம் வருவதற்குள், வால்மோராவின் பெயரைத் தன் சபையில் எடுக்கக்கூடாது என்று நவார் ராஜா ஆணையிட்டதாகச் சேதி வந்தது.

அதற்கு முன்பே தடேயோ அம்மாவை ஆற்றின் மேல்பக்கத்துக் கன்னிமடத்துக்கு அனுப்பிவிட்டான். நேரில் வந்து சொல்லவில்லை, மந்திரி ஒருவர் வந்து சொன்னார். மருமகளைக் கொன்றவள், செத்த பிறகும் விடாதவள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். படகில் ஏறும்போது துணைக்கு வர ஜெம்மா மறுத்துவிட்டாள். பால்பினா அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. விளக்கம் சொல்லவும் இல்லை. சொன்னால் அது ஜெம்மாவின் வாயில் நிற்காது. மீன்துறை வழியாக மகனின் காதுக்குப் போகும், அவன் வழியாக நவாருக்கும் போய்ச் சேரும்.

மடத்தில் அவளை யாரும் தொந்தரவு செய்யவில்லை. வீங்கிய காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரம் கிடைத்தது. ஜபத்துக்குக் கூப்பிட்டால் போனாள். ஓரியாவுக்காக ஜபம் செய்ய உட்காரும்போதெல்லாம், முதலில் அன்று கூடத்தில் சொன்ன வார்த்தைகள்தான் வந்து நின்றன. அவற்றைத் தாண்டிப் போவதற்குள் தூக்கம் வந்துவிடும்.

அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஜெம்மா வந்தாள். கூடையில் புகைபோட்ட விலாங்கு. வைக்கவும் மனமில்லாமல் எடுத்துப் போகவும் மனமில்லாமல் வாசலிலேயே நின்றாள்.

"மடத்துக்கு மீன் குடுக்க வந்தேன். உங்களப் பார்க்க வரல."

"சரி. வந்ததுதான் வந்த, உள்ள வா."

ஜெம்மா உள்ளே வந்தாள், உட்காரவில்லை. ஊர்ச் சேதியைக் கோபமாகவே சொன்னாள். பிரபு பக்கத்து ஊர் விதவை ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டார். கனத்த பெண், சதுப்பிலேயே பிறந்தவள், கொசு கடித்தால் கொசுதான் சாகும். பிரபு வேட்டைக்குப் போகிறேன் என்றால் அவளும் குதிரை ஏறிவிடுகிறாள்.

"அந்தச் சின்னப் பொண்ணு?" என்றாள் பால்பினா.

"எந்தச் சின்னப் பொண்ணு?"

"தங்கச்சி."

ஜெம்மாவின் முகம் சுருங்கியது. "உங்க புண்ணியத்துல ராஜ சம்பந்தமெல்லாம் அவளுக்குப் போச்சு. யாத்திரை போயிட்டு வந்த ஒருத்தர் சொன்னாரு. அவங்க நாட்லயே யாரோ ஒரு மலைக்கோட்டைக்காரனுக்குக் குடுத்துட்டாங்களாம். அப்பன் வீட்லேர்ந்து கூப்பிட்டாக் கேக்கற தூரமாம். இங்க வந்திருந்தா மகாராணி மாதிரி இருந்திருக்கலாம் அந்தப் புள்ள."

பால்பினா நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெல்ல விட்டாள்.

"ஏன் பெரியம்மா அப்படிப் பேசினீங்க? சின்னம்மா உங்களுக்குக் கால் பிடிச்சு விடுவாங்க. எத்தன நாள் பார்த்திருக்கேன். பெத்த மக செய்யமாட்டா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

ஜெம்மா வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் அடங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் கூடையை இறக்கி வைத்தாள். பால்பினா கால் வைத்திருந்த தொட்டித் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்து, ஆறிப்போயிருக்கிறது என்று முணுமுணுத்து, அடுப்பங்கரைக்குப் போய் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாள். ஊற்றும்போதும் புது எஜமானியைப் பற்றி ஏதோ குறை சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். பால்பினா கொஞ்ச நேரம் கேட்டாள். பாதியிலேயே அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள்.